செஞ்சிக்குப் போனால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள்

வேலை நிமித்தமாக இரண்டு வருஷம் லண்டனில் இருந்தேன். டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை எல்லாம் முதல் மாசத்திலேயே முடிந்துவிட்டது. அதற்கப்புறம் சனிக்கிழமை ஆனால் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறி, பேர் தெரியாத நிறுத்தத்தில் இறங்கி நடப்பேன். அந்த ஊர் எனக்குப் பிடித்துப்போனது அப்படித்தான். திரும்பி வந்து கொஞ்ச நாள் கழித்துத்தான் உறைத்தது: நம்ம செஞ்சிக்கு நாலு தடவை போயிருக்கிறேன். நாலு தடவையும் ராஜகிரி ஏறி, இறங்கி, சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். அவ்வளவுதான்.

கோட்டையைக் குறை சொல்லவில்லை. 1677-ல் சிவாஜி பிடித்த கோட்டை, அவர் மகன் ராஜாராம் முகலாயர் முற்றுகையைப் பல வருஷம் தாங்கிய கோட்டை. 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. கூட்டம் இனி கூடும். அதனால்தான் இந்தப் பதிவு.

ஐந்தாவது தடவை போனபோது கோட்டைப் பக்கமே திரும்பவில்லை. முதலில் ஊரை ஒட்டிய சிறுகடம்பூரில் இருக்கும் திருநாதர்குன்று. மேலே ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு பேராக உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் வட்டெழுத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. தமிழ் எழுத்து வரலாறு படிப்பவர்களுக்கு இது முக்கியமான கல்வெட்டு, கி.பி. 5 அல்லது 6-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள். நான் போன அன்று அங்கே என்னைத் தவிர இரண்டு ஆடுகள் மட்டும்.

அங்கிருந்து மேல்சித்தாமூர். செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே, வயல்களுக்குள் இருக்கிற கிராமம். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி ஜைன மடம் இங்கேதான் இருக்கிறது. பேரிலேயே காஞ்சி இருப்பதைக் கவனியுங்கள். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்திலிருந்து இங்கே பெயர்ந்து வந்த மடம் என்பது மரபு. மடத் தலைவருக்கு லட்சுமிசேன பட்டாரகர் என்று பட்டம்.

பார்சுவநாதர் கோயிலின் ஏழுநிலைக் கோபுரம் தூரத்திலிருந்தே தெரியும். சிவன் கோயிலோ என்று நினைத்து யாராவது தாண்டிப் போய்விடலாம், அவ்வளவு நம்ம ஊர்க் கோபுரம். பக்கத்திலேயே மல்லிநாதர் கோயில். அதற்குள் பாகுபலி, பார்சுவநாதர், மகாவீரர், அம்பிகை எல்லாரையும் ஒரே பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். சுமார் 9-ஆம் நூற்றாண்டு வேலை. மயிலாப்பூரில் இருந்த நேமிநாதரும் இங்கேதான் இருக்கிறார். கடல் ஊருக்குள் வந்தபோது சிலையைப் பத்திரமாகத் தூக்கி வந்தார்கள் என்பார்கள். அவிரோதி ஆழ்வார் திருநூற்றந்தாதி பாடியது மயிலை நேமிநாதர் மேல்தான்; குணவீர பண்டிதர் தன் இலக்கண நூலுக்கு நேமிநாதம் என்று பேர் வைத்ததும் அவரை நினைத்துத்தான்.

சரி, நான் போனதற்கு உண்மையான காரணம் வேறு. டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய 1906-ஆம் வருஷத்துத் தென்னார்க்காடு கெசட்டியரில் ஒரு கதை இருக்கிறது. 1478-ல் செஞ்சியை ஆண்ட வேங்கடபதி, பிராமணர்களிடம் பெண் கேட்டானாம். சமணர்கள் கொடுத்தால் நாங்களும் கொடுக்கிறோம் என்று அவர்கள் நழுவிவிட்டார்கள். சமணர்களுக்கோ ராஜா தங்களைவிடத் தாழ்ந்த சாதி என்று எண்ணம். சரி என்று சொல்லிவிட்டு, கல்யாண நாளன்று வீட்டைக் காலி செய்து, திண்ணைத் தூணில் ஒரு பெட்டை நாயைக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ராஜா சமணர் தலைகளை வெட்டச் சொன்னான். சிலர் செத்தார்கள், சிலர் ஓடினார்கள், பலர் பூணூலை அறுத்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டார்கள். நீறுபூசி வேளாளர் என்ற பேர் அப்படி வந்ததாம். இந்தக் கதையில் நல்லவர் என்று யாரையும் சொல்ல முடியவில்லை. பெண்ணுக்குப் பேர்கூடக் கிடையாது.

இது எவ்வளவு தூரம் நிஜம்? வருஷம் முதலில் இடிக்கிறது. செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைத்தது 16-ஆம் நூற்றாண்டில். நாயும் சந்தேகம்தான். ராஜா பெண் கேட்டான், பந்தக்காலில் நாயைக் கட்டிவிட்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினோம் என்ற கதையைத் தமிழ்நாட்டில் இடம்பெயர்ந்த பல சாதிக்காரர்கள் சொல்வதுண்டு. எங்கள் தொழிலில் அடுத்தவர் எழுதிய கோடைப் படிக்கும்போது, எங்கிருந்தோ காப்பி பேஸ்ட் ஆனது எது, இந்த இடத்துக்கென்றே எழுதினது எது என்று பிரிப்போம். இங்கேயும் அதைத்தான் செய்தேன்.

நாயைத் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது சின்னச் சின்ன விஷயங்கள். திண்டிவனம் பக்கத்து வேலூரில் (கோட்டை இருக்கிற வேலூர் இல்லை) ஒரு கிணற்றில் சமண முறைப்படி சடங்கு செய்யும்போது பிடிபட்ட வீரசேனாச்சாரியார். ராஜாவுக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்ததால் தப்பித்து, சிரவணபெளகொளா போய்த் துறவியானார். தாயனூர் காங்கேய உடையார் உடையார்பாளையம் ஜமீனில் அடைக்கலமாகி, பிறகு அவரைத் திரும்பக் கூட்டிவந்து, நீறு பூசியவர்களை ஊர் ஊராகப் போய் அழைத்தார். அந்த நன்றிக்காக விசேஷங்களில் உடையார் வம்சத்தாருக்கு முதல் தாம்பூலம். சித்தாமூர் மடத் தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்கள் பேச்சுக்கு மதிப்பு அதிகம். இப்படி கெசட்டியர் எழுதிய காலத்திலும் நடைமுறையில் இருந்திருக்கிறது. கதையை யார் வேண்டுமானாலும் கடன் வாங்கலாம். யாருக்கு முதல் வெற்றிலை என்பதை நம்ம ஊரில் சும்மா விட்டுக்கொடுப்பார்களா? ஏதோ ஒரு பெரிய அடி விழுந்திருக்கிறது, ஏதோ ஒரு குடும்பம் ஆட்களைத் திரட்டியிருக்கிறது. அதுவரை நம்புகிறேன்.

கோயிலில் பேச்சுக் கொடுத்த ஒரு பெரியவர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். அவரிடம் இதைக் கேட்டேன்.

"அதெல்லாம் எங்க பாட்டி சொல்லும் சார். நீங்க முதல்ல சாப்பிடுங்க, பொழுது சாயப் போகுது."

இருட்டிய பிறகு அவர்கள் சாப்பிட மாட்டார்கள், விருந்தாளிக்கும் அதே கணக்குதான். மணி ஐந்தரைக்கு இலை போட்டார்கள். குடத்து வாயில் வெள்ளைத் துணியைக் கட்டித் தண்ணீரை ஊற்றி, வடிகட்டி, ஒரு செம்பில் எனக்குக் கொடுத்தார்.

"கிணத்துல பிடிச்சாங்கன்னு சொன்னீங்களே," என்றார், "இதைப் பார்த்துத்தான் பிடிச்சிருப்பாங்க."