சுருள்வில் காற்றுத் துப்பாக்கி: ஸ்கோப் சீரமைப்பும் குறி தவறுதலும்

சுருள்வில் காற்றுத் துப்பாக்கியில் வில் ஒரு பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் உருளைக்குள் உள்ள காற்றை நசுக்கும். நசுங்கிய காற்று குழலில் கிடக்கும் ஈயக் குண்டைத் துரத்தும். இத்தகைய துப்பாக்கியில் ஸ்கோப் பொருத்திய பிறகு குண்டு குறியில் விழாவிட்டால், பெரும்பாலோரின் கை முதலில் போவது ஸ்கோப்பின் தலையிலுள்ள திருகுக்குத்தான். அது தவறான தொடக்கம். இலக்குத் தாளில் தெரிவது இரண்டு வெவ்வேறு கோளாறுகள். ஐந்து குண்டும் நெருக்கமாக ஒரு கொத்தாய் விழுந்து, அந்தக் கொத்து மட்டும் குறியை விட்டு விலகியிருப்பது ஒன்று. ஐந்தும் ஐந்து பக்கம் சிதறியிருப்பது மற்றொன்று. திருகு கொத்தை இடம் நகர்த்தும், அதைச் சிறிதாக்காது. சிதறுகிற துப்பாக்கியில் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முறை திருகுபவர், முந்தைய குண்டின் தற்செயலைத் துரத்திக்கொண்டே போகிறார். சிதறல் இன்னும் விரியும்.

சிதறலின் முதல் காரணம் துப்பாக்கியின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. 3.5 கிலோ எடையுள்ள துப்பாக்கியில் 250 கிராம் பிஸ்டன் 80 மில்லிமீட்டர் முன்னே பாய்கிறது என்று கொள்வோம். உந்த அழியாமை விதிப்படி, துப்பாக்கி 5 மில்லிமீட்டருக்கும் சற்று மேல் பின்னே வரவேண்டும். பிஸ்டன் உருளையின் முனையை நெருங்கி, நசுங்கிய காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி முன்னோக்கி இழுபடும். அரை கிராம் குண்டின் எதிர்விசை இதன் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. உதை ஏறக்குறைய முழுவதும் பிஸ்டனுடையது. பிஸ்டன் தன் ஓட்டத்தின் பெரும்பகுதியை முடித்த பிறகே குண்டு நகரத் தொடங்குவதால், ஆட்டம் தொடங்கிய பிறகும் அது குழலுக்குள்தான் இருக்கிறது. இந்த உதைதான் சிதறலுக்குக் காரணம் என்பதற்குச் சான்று பழைய போட்டித் துப்பாக்கிகள். ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் 300 வகையில் குழலும் உருளையும் சேர்ந்து கட்டையின் மேல் தண்டவாளத்தில் பின்னே வழுக்கிச் செல்லும். டயானா 65, 75 வகைகளில் கிஸ் முறைப்படி இரண்டாவது பிஸ்டன் ஒன்று எதிர்த்திசையில் ஓடி உதையைச் சமன்செய்யும். இயக்குவது அதே வில்தான். போட்டியில் இவற்றில் ஸ்கோப்கூடக் கிடையாது, துளைக்குறிதான். ஆனாலும் 10 மீட்டரில் இவை குண்டின் மேல் குண்டு வைத்தன.

அப்படியானால் துப்பாக்கியைக் குறடு போட்டு இறுக்கிவிட்டால் தீர்ந்ததே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஆனால் நடப்பது நேர்மாறு. இறுக்கிய துப்பாக்கி தன் போக்கில் பின்வர முடியாமல் துள்ளுகிறது. பிறகு கையில் பிடித்தால் குண்டு வேறிடத்தில் விழுகிறது. கெட்டியான மேசை விளிம்பில் கட்டையைச் சாய்த்துச் சுட்டாலும் இதே கதை. அமெரிக்க எழுத்தாளர் டாம் கேலார்ட் பரப்பிய 'பீரங்கிப் பிடி' இதற்கு மாற்று: முன்கட்டை விரித்த உள்ளங்கையில் வெறுமனே கிடக்க வேண்டும், விரல்கள் இறுக்கக் கூடாது, தோளில் அழுத்தம் மெலிதாக இருக்க வேண்டும். உள்ளங்கை ஒவ்வொரு முறையும் கட்டையின் ஒரே இடத்தில் அமர்வது முக்கியம். அந்த இடத்தை இரண்டு விரற்கடை மாற்றினாலே கொத்து இடம் மாறும் துப்பாக்கிகள் உண்டு.

பிடி சரியான பிறகு இரும்பைப் பார்க்க வேண்டும். முன்கட்டையின் இரு பக்க ஸ்குரூக்களும் விசைக்காப்பின் முன் ஸ்குரூவும் அதிர்வில் தளர்வது அன்றாட விஷயம். குழல் மடங்கும் வகையில் கீலின் போல்ட் தளர்ந்தால் குழல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பூட்டிக்கொள்ளாது. வில்லை இறுக்கிய நிலையில் குழல் தன் எடையாலேயே தொங்கிப்போனால் தளர்வு உறுதி. இதைச் சோதிக்கும்போது குழலை ஒரு கை விடாமல் பிடித்திருக்க வேண்டும். விசை நழுவினால் குழல் விரலைத் துண்டாக்கும் வேகத்தில் மூடும். குழலின் பின்முனை வாஷரின் மேல் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றை வைத்துச் சுட்டால், அது பறப்பதிலிருந்து காற்றுக் கசிவு தெரியும். குண்டுகளிலும் 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று தலை அளவு வேறுபடும். ஒரு குழல் விரும்புவதை இன்னொன்று ஏற்காது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே கூடமும் சில சமயம் கோணல்தான்; ஸ்கோப்பே சிதறலை உண்டாக்குவதும் உண்டு. முன்னும் பின்னுமான இரட்டை உதையைத் தாங்கும்படி செய்யப்படாத ஸ்கோப்பில் உள்ளுறுப்புகள் தளர்ந்துவிடும். ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் மவுண்ட் 11 மில்லிமீட்டர் தடத்தில் மெல்ல நகரும். அதன் விளிம்பையொட்டிப் பென்சிலால் ஒரு கோடு போட்டு இருபது முறை சுட்டால், கோட்டுக்கும் மவுண்டுக்கும் இடையே விழும் இடைவெளி அதைக் காட்டிக்கொடுக்கும். இன்னும் நயமான கோளாறு குழல் சாய்வு. டயானாவின் மடங்குகுழல் வகைகள் பலவற்றில் குழல் ஸ்கோப்பின் பார்வைக்கோட்டைவிடக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். அதை ஈடுகட்ட உயரத் திருகைக் கடைசிவரை ஏற்றினால், ஸ்கோப்புக்குள் இருக்கும் உட்குழாயை அழுத்திப் பிடிக்கும் வில்லில் இழுவை மிஞ்சாது. குறுக்குக்கோடு ஒவ்வொரு உதைக்கும் மிதக்கும். பார்ப்பவருக்கு இது பிடிக் கோளாறு போலவே தெரியும். மருந்து திருகில் இல்லை, மவுண்டில் இருக்கிறது: பின்வளையத்தின் அடியில் 0.1 மில்லிமீட்டர் தகடு வைத்தால், வளையங்களுக்கிடையே 100 மில்லிமீட்டர் இருக்கும்போது, 25 மீட்டரில் குண்டு 25 மில்லிமீட்டர் மேலேறும். உயரத் திருகை நடுவுக்குக் கொண்டுவந்து, மிச்சத்தைத் தகட்டாலோ சாய்வு மவுண்டாலோ முடிக்க வேண்டும். 100 கஜத்துக்குச் சரிசெய்த ஸ்கோப்பை 25 மீட்டரில் வைத்துப் பார்த்தால், கண் நடுவிலிருந்து விலகும்போது குறி ஒரு சென்டிமீட்டர்கூட நகரும்; இதற்கு முன்வில்லையில் தூரம் மாற்றும் வசதி உள்ள ஸ்கோப் வேண்டும்.

குற்றவாளி யார் என்று பிரித்தறிய எளிய வழி, ஸ்கோப்பைக் கழற்றித் துப்பாக்கியோடு வந்த சாதாரணக் குறியில் பத்து குண்டு சுடுவது. மூன்று குண்டு போதாது. அதிர்ஷ்டத்தில் மூன்று சேர்ந்து விழும். கொத்து இறுகினால் ஸ்கோப்பும் மவுண்டும் சந்தேகத்துக்குரியவை. அப்போதும் சிதறினால் பிடியும் குண்டும் ஸ்குரூவும். கொத்து இறுகிய பிறகே திருகுக்கு வேலை வருகிறது, அது கணக்கு வேலை: கால் கோணநிமிடக் கிளிக் ஒன்று 25 மீட்டரில் 1.8 மில்லிமீட்டர். கொத்தின் நடு 36 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், மேலே 20 கிளிக்.