கோமாளிகளின் கும்மாளம்

பிபிசியின் 'டாட்ஸ் ஆர்மி' எனும் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரின் தொலைந்த அங்கங்களுள் இரண்டை 2001இல் கண்டெடுத்து, செப்பனிட்டு, வீட்டுத் திரைக்கு அளித்த ஆங்கிலேயரின் பாக்கியம் நமக்கு வாய்க்கவில்லை. இலங்கை மலையகத்தின் ஹட்டன், நுவரெலியா தோட்ட லயங்களில், கொழுந்தெடுத்துக் களைத்தோர்க்கு வானொலியே நாடகசாலையாயிருந்த அக்காலத்தில், எஸ். ராம்தாஸ் மரிக்காராகவும் ராஜகோபால் அப்புக்குட்டியாகவும் செல்வசேகரன் உபாலியாகவும் அப்துல் ஹமீட் ஐயராகவும், ஆளுக்கொரு தமிழ் பேசி மோதிய வானொலி நகைச்சுவை நாடகமான 'கோமாளிகளின் கும்மாளம்', 1976இல் 'கோமாளிகள்' எனத் திரைப்படமுமாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் 'புதிய காற்று' மூலம் தோட்ட ஜீவிதத்தைத் திரையேற்றியிருந்தார். நகைச்சுவையினும் அதுவே மலையகத்துக்கு அதிக சொந்தம் என்பேன். ஆனால், 1983 ஜூலையில் தமிழருக்கெதிராக மூண்ட கலவரத்தில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ தீக்கிரையாகி, அங்கிருந்த படச்சுருள்களும் நாசமாயின. பிபிசி தன் பதிவுகளை அலட்சியத்தால் அழித்தது. இங்கே அழித்தது துவேஷம். ஆதலின், நம் படங்களைச் செப்பனிட விழைவோர் முதலில் பிரதிகளைத் தேடியே அலைய வேண்டியிருக்கிறது.