அலுவலக மின்னஞ்சலுக்கு அடைவுச் சேவையகம்: பெயரை எங்கே பதிவது?

அலுவலக இணைய முகப்பில் இரண்டு எழுத்தைத் தட்டியதும் முழு மின்னஞ்சல் முகவரியும் வந்து நிற்கிறதே, அதற்குப் பின்னால் இருப்பது அடைவுச் சேவையகம். பெயர், பதவி, முகவரி, கடவுச்சொல் யாவும் ஒரே ஏட்டில். இவற்றுள் பெரும்பாலானவை, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 1993 இல் வெளியான எல்டாப் நெறிமுறையில் இயங்குகின்றன. சிறிய அலுவலகத்துக்கு இலவசமான ஓப்பன்எல்டாப் போதும்.

நிறுவுவதை விடப் பெயரைப் பதிவதே சிக்கல். ஒவ்வொருவருக்கும் குடும்பப் பெயர் கட்டாயம் என்கிறது எல்டாப். நமக்கேது குடும்பப் பெயர்? கினிகத்தேனைத் தோட்ட அலுவலகத்திலும் சரி, வன்னியிலும் சரி, முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். அந்தக் கட்டத்தில் தகப்பன் பெயரை இட்டால் தேடுபவருக்கு ஆள் அகப்படமாட்டார். சொந்தப் பெயரையே இடுங்கள். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று என்றால் இரண்டையும் 'சிஎன்' கட்டத்தில் சேர்க்கலாம். அது பல பெயர்களை ஏற்கும். 1997 இல் வந்த மூன்றாம் பதிப்பு முதல் தமிழ் எழுத்திலும் பதியலாம். 'மெயில்' கட்டத்தில் மட்டும் ஆங்கில எழுத்தே செல்லும்.

உள்நுழையும் அடையாளமாகப் பெயரை வைக்காமல் ஊழியர் இலக்கத்தை வையுங்கள். இரண்டு செல்வராஜ் இருக்கும் இடத்தில் ஒருவரின் சேமலாப நிதிக் கடிதம் மற்றவருக்குப் போய்விடக்கூடாது.

முகப்புக்கு வாசிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கைக் கொடுங்கள். நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டாம். 389 ஆம் போர்ட்டில் குறியாக்கம் இல்லாவிட்டால் கடவுச்சொல் வெளிப்படையாகப் போகும். 636 ஐப் பயன்படுத்துங்கள்.