ஆய்வைப் பகிர்தலும் அங்கீகரித்தலும்: பல்கலைக்கழக மின்களஞ்சியங்களின் தோற்றமும் வளர்ச்சியும்

ஒருவர் தாம் கண்டறிந்த உண்மையை உலகுக்கு அறிவித்தலும், அதனை முதலிற் கண்டவர் அவரே என்று அறிஞர் சமூகம் ஒப்புக்கொள்ளுதலும் தன்மையில் வெவ்வேறான காரியங்களாகும். 1610ஆம் ஆண்டில் சனிக்கோளின் விநோத உருவத்தைத் தம் தொலைநோக்கியிற் கண்ட கலிலியோ, அச்செய்தியை எழுத்துகள் முறைமாற்றிக் கலைக்கப்பெற்ற ஒரு தொடராக்கி, கெப்ளர் கைக்குக் கிட்டுமாறு பிராக் நகருக்கு அனுப்பினார். பின்னர் வேறொருவர் உரிமை கொண்டாடப் புகுந்தால் தொடரின் பொருளை வெளிப்படுத்தித் தம் முதன்மையை நிலைநாட்டிக்கொள்ளலாம், அதுவரை இரகசியமும் காக்கப்படும் என்பது அக்கால ஆராய்ச்சியாளர் கைக்கொண்ட உபாயம். அங்கீகாரத்தின் பொருட்டு அறிவையே மறைத்துவைக்க நேர்ந்த அந்நிலையை மாற்றியது ஆய்விதழ். 1665 மார்ச் மாதத்தில் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’, முன்னதாக வெளியிடுபவருக்கே முதன்மை என்னும் வழக்கம் வேரூன்ற வழிசெய்து, பகிர்தலையும் அங்கீகரித்தலையும் ஒரே ஏட்டிற் பிணைத்தது. அப்பிணைப்பு எவ்வாறு நெகிழ்ந்தது, பல்கலைக்கழகங்களின் மின்களஞ்சியங்களில் அது எவ்வாறு மீண்டும் கட்டப்பெற்றது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் விஞ்ஞானப் பிரசுரம் பெரும் வியாபாரமாயிற்று. அறிஞர் சபைகள் நடத்திய இதழ்களோடு தனியார் பதிப்பகங்களின் இதழ்களும் பெருகின. சந்தாத் தொகை ஆண்டுதோறும் உயர்ந்தது. ஆசிரியர்க்குச் சம்பளம் கொடுத்து ஆராய்ச்சியை நடத்துவிப்பதும் பல்கலைக்கழகம், அவ்வாசிரியர்களே பிறர் கட்டுரைகளை ஊதியமின்றி மதிப்பிட இடந்தருவதும் பல்கலைக்கழகம், முடிவில் அவ்விதழை விலைகொடுத்து வாங்குவதும் பல்கலைக்கழகம் என்னும் விபரீதம் நூலகர்களுக்கு நன்கு தெரிந்தே இருந்தது. ஆயினும் இதழின் பெயரே ஆசிரியரின் கௌரவத்துக்கும் பதவி உயர்வுக்கும் பிரமாணமாகிவிட்டபடியால், அவ்வேற்பாட்டை விட்டு விலக ஒருவருக்கும் துணிவு பிறக்கவில்லை. பணமில்லாத நூலகத்தின் வாசகனுக்கு அறிவு எட்டாமற்போயிற்று. ஆனால் எழுதியவருக்கு அங்கீகாரம் தடையின்றிக் கிடைத்துக்கொண்டிருந்தது. பிணைப்பு நெகிழ்ந்த இடம் இதுவே.

பௌதிக விஞ்ஞானிகளிடம் வேறொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்துவந்தது. அச்சேறும்வரை காத்திராமல், தட்டச்சிட்ட முன்வரைவின் பிரதிகளைத் தபாலில் சக ஆராய்ச்சியாளர்க்கு அனுப்புவது அது. பெரிய ஸ்தாபனங்களில் இருந்தவர்க்கே அப்பிரதிகள் கிடைத்தன. 1991 ஆகஸ்டில் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் பால் கின்ஸ்பார்க் ஒரு கணிப்பொறியில் தொடங்கிய முன்வரைவுச் சேமிப்பு (இன்று ஆர்க்கைவ் என்ற பெயரில் விளங்குவது) இச்சலுகையைச் சகலருக்கும் பொதுவாக்கிற்று. அதன் வாயிலாக அங்கீகாரமும் வரக்கூடும் என்பதற்குக் கிரிகோரி பெரல்மானின் சரித்திரமே தலைசிறந்த சாட்சி. 2002 நவம்பர் முதல் 2003 ஜூலை வரை அவர் மூன்று கட்டுரைகளை அங்கே வைத்தார். எந்த ஆய்விதழுக்கும் அனுப்பவில்லை. பாயின்காரேயின் நூறாண்டுப் புதிர் அவற்றில் விடுவிக்கப்பட்டிருந்தது. கணித உலகம் பல ஆண்டுகள் ஆராய்ந்து அந்நிரூபணத்தை ஏற்றது. 2006இல் ஃபீல்ட்ஸ் பதக்கமும் 2010இல் கிளே நிறுவனத்தின் பத்து லட்சம் டாலர்ப் பரிசும் வழங்கப்பட்டன. இரண்டையும் அவர் ஏற்க மறுத்தார். அவருடைய துறவு மனப்பான்மையைப் பலரும் வியந்து பேசுவதுண்டு. நம் விஷயத்திற்கு முக்கியமானது, நூற்றாண்டின் தலையாய கணித நிரூபணம் ஒன்று ஒரு பொதுக் களஞ்சியத்தின் வாயிலாகவே மதிப்பிடப்பட்டுப் போற்றப்பட்டது என்பதே.

எனினும் பெரல்மானைப் போன்றவர் ஒருவர் இருவரே. ஏனைய துறைகளில் உழைக்கும் சாதாரண ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் கட்டுரையின் பிரதியை வலையமைப்பிற் பொதுவில் வைத்துவிட்டால் சந்தாத் தடை தானே தகர்ந்துவிடும் என்று 1994 ஜூனில் ஸ்டீவன் ஹார்னாட் ஒரு பிரேரணை செய்தார். 1997 ஜனவரி முதல், முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவிலேயே சமர்ப்பிக்கவேண்டும் என வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் விதித்தது. இடந்தோறும் தனித்தனியே தோன்றும் களஞ்சியங்களைச் சேர்த்துத் தேடுவதற்கான முறை 1999 அக்டோபரில் சாண்டா ஃபே நகரிற் கூடிய கூட்டத்தில் உருக்கொண்டு, 2001இல் ஒரு பொது நெறிமுறையாக வெளிவந்தது. இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழகம் 2000இல் ஈபிரிண்ட்ஸ் என்னும் மென்பொருளையும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஹியூலெட் பேக்கார்டுடன் கூடி 2002இல் டிஸ்பேஸ் என்னும் மென்பொருளையும் இலவசமாக வழங்கின. அவ்வாண்டு பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை, கட்டணமும் தடையுமின்றி ஆய்வு சகலருக்கும் எட்டுவதைத் ‘திறந்த அணுக்கம்’ என்னும் இயக்கமாகப் பிரகடனம் செய்தது.

கருவிகள் யாவும் கிட்டிய பின்னரும் களஞ்சியங்கள் நிரம்பவில்லை. நூலகர்கள் வேண்டிக்கொண்டார்கள், ஆசிரியர்கள் தலையசைத்தார்கள், கட்டுரைகள் வரவில்லை. ஆசிரியர்களின் சோம்பலே இதற்குக் காரணம் என்று கொள்வது நியாயமாகாது. களஞ்சியத்திற் சேர்ப்பதால் வாசகனுக்கு நன்மை உண்டு. சேர்ப்பவருடைய சேவை ஏட்டிலோ அதனால் ஒரு வரியும் கூடுவதில்லை. பகிர்தல் மட்டும் பல்கலைக்கழகத்தின் வீட்டுக்கு வந்து, அங்கீகரித்தல் பதிப்பகத்தின் வீட்டிலேயே தங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2004 தொடக்கத்திலிருந்து பல்கலைக்கழகம் முழுமைக்கும் சமர்ப்பணத்தைக் கட்டாயமாக்கியது. போர்ச்சுகலின் மின்யோ பல்கலைக்கழகம் கட்டாயத்தோடு, சமர்ப்பிக்கும் துறைகளுக்குப் பண ஊக்கமும் அளித்தது. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் முடிச்சைச் சரியான இடத்தில் அவிழ்த்தது பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகம் என்பது என் துணிபு.

அங்கே 2005இல் ரெக்டராகப் பொறுப்பேற்ற பெர்னார் ரான்தியே ஒரு வைரஸ் ஆராய்ச்சியாளர். தம் பல்கலைக்கழகத்தில் ஓராண்டில் என்னென்ன கட்டுரைகள் எழுதப்படுகின்றன என்பதை ஒரு ரெக்டர் முழுமையாக அறிய வழியில்லாதிருப்பது, தன் ஆலையில் உற்பத்தியாகும் சரக்கு இன்னதென்று அதன் முதலாளிக்கே தெரியாதிருப்பதை ஒக்கும் என்று அவர் கருதினார். ஆர்பி எனப் பெயரிடப்பெற்ற களஞ்சியம் 2008 நவம்பரில் திறக்கப்பட்டது. 2002 முதல் வெளிவந்த எல்லா வெளியீடுகளின் விவரங்களும் அதில் இடம்பெற வேண்டும். கட்டுரையாயின் அதன் முழுவாசகமும் உடனிருக்க வேண்டும் என்பது விதி. இத்தகைய விதிகள் வேறிடங்களிலும் இருந்தனவே. லியேஜின் விசேஷம் அதை அடுத்து வந்த வாக்கியத்தில் இருந்தது. பதவி உயர்வுக்கோ உள் மானியத்துக்கோ ஓர் ஆசிரியர் விண்ணப்பிக்கும்போது, ஆர்பியில் உள்ள வெளியீடுகள் மட்டுமே கணக்கிற் கொள்ளப்படும். அதிலிருந்து தானாக உருவாகும் பட்டியலே அவருடைய வெளியீட்டுப் பட்டியலாக ஏற்கப்படும். தண்டனை என்று ஒன்றும் விதிக்கப்படவில்லை. எவரும் நிர்ப்பந்தமாக அழைக்கப்படவில்லை. பல்கலைக்கழகம் தான் கண்ணால் காணக்கூடியதை மட்டுமே மதிப்பிடும் என்று சொல்லிற்று, அவ்வளவே.

அதனோடு வசதிகளும் சேர்ந்தன. ஒருமுறை உள்ளிட்ட விவரம் தன்விவரக் குறிப்பாகவும் ஆண்டறிக்கையாகவும் துறைப் பட்டியலாகவும் மீண்டும் மீண்டும் பயன்பட்டது. தம் கட்டுரை எத்தனை முறை பார்க்கப்பட்டது, எத்தனை முறை இறக்கிக்கொள்ளப்பட்டது என்பதை ஆசிரியர் அறிய முடிந்தது. பதிப்பகம் சில மாதங்கள் மூடிவைக்கச் சொல்லும் கட்டுரையையும் உடனே சேர்த்துப் பூட்டிவைக்கலாம். வேண்டுவோர் ஒரு பொத்தானை அழுத்தினால் கோரிக்கை ஆசிரியருக்குச் செல்லும். அவர் விரும்பினால் ஒரு பிரதியை அனுப்புவார். பண்டை நாளில் தபாலில் முன்வரைவு கேட்டெழுதிய வழக்கமே இவ்வாறு புதுவடிவிற் புகுந்தது. ஆசிரியர்கள் முதலிற் கடமைக்காகவும் பின்னர்த் தம் நன்மை கண்டும் சேர்க்கலாயினர்; ஆர்பி விரைந்து நிரம்பிற்று.

ஹார்வர்டு சென்ற வழி வேறு. 2008 பிப்ரவரி 12ஆம் நாள் அதன் கலை அறிவியற் புலத்து ஆசிரியர்கள் தம் கட்டுரைகளைப் பரப்பும் உரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு அளிக்கத் தாமே ஏகமனதாகத் தீர்மானித்தனர். உரிமைச் சிக்கலுக்கு அது பெரிதும் பரிகாரமாயிற்று. லியேஜின் தத்துவத்தைத் தேசத்தளவில் பிரயோகித்தது பிரிட்டன்: 2016 ஏப்ரல் முதல், ஏற்கப்பட்ட கட்டுரையை மூன்று மாதத்திற்குள் களஞ்சியத்திற் சேர்த்தாலன்றி அது தேசிய ஆராய்ச்சி மதிப்பீட்டிற் கொள்ளப்படாது என்ற விதி அமலுக்கு வந்தது.

நம் நாட்டில் இம்முயற்சி காலந்தாழ்த்தித் தொடங்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியற் கழகம் 2002லேயே தன் களஞ்சியத்தை நிறுவிற்று. சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் 2004 மே மாதம் பயிலரங்குகள் நடைபெற்றன. அவற்றுக்குப் பின்னின்று, வறிய நாட்டு விஞ்ஞானிக்கு இது சலுகையன்று, ஜீவாதாரமான தேவை என்று ஓயாது எழுதியும் பேசியும் வந்தவர் சுப்பையா அருணாசலம். ரூர்கேலா தேசியத் தொழில்நுட்பக் கழகம் 2006இல் சமர்ப்பணத்தைக் கட்டாயமாக்கியது. 2014 டிசம்பரில் மத்திய அரசின் இரு அறிவியற் துறைகள் வெளியிட்ட கொள்கையோ, தம் மானியத்தில் எழும் கட்டுரைகளைக் களஞ்சியத்திற் சேர்க்கச் சொன்னதோடு, இதழின் பெயரைக் கொண்டன்றிப் படைப்பின் சொந்த மேன்மையைக் கொண்டே மதிப்பிடவேண்டும் என்றும் அறிவித்தது. சொல்லில் இது லியேஜையும் விஞ்சியது. பதவி உயர்வுப் புள்ளிகளை இதழ்ப் பட்டியல்களைக் கொண்டு எண்ணும் முறையோ பல்கலைக்கழகங்களில் அப்படியே நீடித்தது.

ஆய்வேடுகளின் விஷயத்தில் மட்டும் இந்தியா தெளிவான வெற்றி கண்டது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகள், பட்டம் அறிவிக்கப்பெற்ற முப்பது நாளுக்குள் ஆய்வேட்டின் மின்பிரதியை அனுப்பவேண்டும் என்றன. இன்று காந்திநகரில் இயங்கும் இன்ஃப்லிப்நெட் நடுவம் அவற்றை ஷோத்கங்கா களஞ்சியத்திற் சேர்த்தது. 2016இன் விதிகள், மின்பிரதியைப் பட்டம் அறிவிக்கும் முன்னரே கொடுத்துவிட வேண்டும் என்று மாற்றின. ‘பின்னர்’ என்றிருந்தது ‘முன்னர்’ என்றானதில் முழு வரலாறும் அடங்கியிருக்கிறது: பட்டம் என்னும் அங்கீகாரத்துக்குப் பகிர்தலே நிபந்தனையாயிற்று. முன்பு நூலக அலமாரியில் இரண்டொரு பிரதியாகக் கிடந்து, நேரிற் சென்று அனுமதி பெற்றாலன்றிக் காணக்கிடைக்காத ஆய்வேடுகள், இப்போது நாகர்கோவில் மாணவிக்கும் யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கும் ஒருசேரத் திறந்திருக்கின்றன. ஒருவர் உழைப்பை மற்றொருவர் தம்முடையதென்று காட்டுவதும் அதனாலேயே எளிதில் வெளிப்படுகிறது.

தமிழில் எழுதப்பெற்ற ஆய்வேடுகளும் அங்கே உள்ளன. அவற்றுள் பக்கங்களின் நிழற்படமாக மட்டுமே உள்ளவற்றிலும், ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவற்றிலும் ஒரு சொல்லைத் தேடினால் இயந்திரம் அதனை அறியாது. தேடிக் கிடைக்காததை எவரும் மேற்கோள் காட்டுவதில்லை. சங்க இலக்கியத்திலும் கல்வெட்டிலும் நாட்டார் வழக்காற்றிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்தோரின் ஆய்வுகள் பொதுவிற் கிடந்தும் பெயர்பெறாமற் போவதற்கு இது ஒரு பெருங்காரணம். ஆய்வேட்டைப் பெற்றுக்கொள்ளும் நாளிலேயே ஒருங்குறித் தமிழ் வாசகமும், தமிழில் தலைப்பும் சுருக்கமும் உடன்வர வேண்டும் என்று நம் பல்கலைக்கழகங்கள் தம் விதியிற் சேர்ப்பதற்குப் புதிய மென்பொருளோ புதிய நிதியோ தேவையில்லை. ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.