வீங்கிய கொள்ளளவிகள்

பதுளைத் தோட்டப் பாடசாலைகளின் பழைய கணினிகளைத் திறந்தால், தாய்ப்பலகையில் தலை வீங்கிய கொள்ளளவிகளைக் காண்கிறோம். இந்நோய்க்கும் வரலாறு உண்டு. 1999 ஐ அடுத்த சில ஆண்டுகளில், தைவான் ஆலைகள் சிலவற்றில் உற்பத்தியான அலுமினியக் கொள்ளளவிகளின் மின்பகு கரைசல் குறைபாடுடையதாயிருந்தது. அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் போதாமையால் நீர் அலுமினியத்தைத் தாக்கியது. ஐதரசன் வாயு பெருகிக் குப்பி வீங்கிக் கசிந்தது. 2005 இல் டெல் நிறுவனம் தன் பழுதான பலகைகளைச் செப்பனிடவும் மாற்றவும் 30 கோடி டொலர் ஒதுக்கியது.

ஆனால், பிறர் கழித்த இயந்திரம் மலையேறும்போது உத்தரவாதம் அடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது. 1945 இல் இலவசக் கல்வி கண்ட இந்நாட்டில், தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை காத்திருந்தவர்கள் நாம். கொழுந்து பறிப்போரின் பிள்ளைகளுக்குப் பற்றாசுக் கோலும் பயிற்சியும் தராமல் பழைய பெட்டியை மட்டும் தருவது கல்வித் தொண்டாகாது.