சாலையோர ஊரின் வரலாறு: சாஆ

சாஆ என்னும் பெயரை எழுத்தில் காணும் தமிழர்க்குச் செய்யுளில் வரும் அளபெடை நினைவுக்கு வரும். பெயர் நீண்டொலிப்பினும் ஊர் சிறிது. ஜொகூர் மாநிலத்துச் சிகாமட் மாவட்டத்தில், லாபீசுக்கும் யோங் பெங்குக்கும் இடையே, முதலாம் கூட்டரசுச் சாலையில் அது அமைந்துள்ளது. வரலாற்று நூல்கள் சிகாமட்டைக் கூறும். யோங் பெங்கைக் கூறும். இடையிலுள்ள சாஆவைக் கூறுவதில்லை. ஆயினும் மலாயாவை உலுக்கிய நிகழ்ச்சிகள் பல இவ்வூரைத் தொட்டே சென்றுள்ளன.

இருப்புப்பாதை விலகிய இடம்

1909ஆம் ஆண்டில் கிம்மாசிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை நிறைவெய்தியது. சிகாமட்டிலிருந்து லாபீஸ் வரை சாலையும் இருப்புப்பாதையும் ஏறத்தாழ உடன்பிறப்புகளைப் போல் ஒன்றாகவே வருகின்றன. லாபீசைக் கடந்தபின் இரண்டும் பிரிகின்றன. இருப்புப்பாதை பெக்கோக், பாலோ, குளுவாங் எனச் செல்கிறது. சாலையோ சாஆ, யோங் பெங், ஆயர் ஹீத்தாம் எனச் செல்கிறது. எனவே பெக்கோக் இரயில் ஊராயிற்று. சாஆ சாலை ஊராயிற்று.

சுற்றுப்புறக் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. சாஆ தோட்டம், ஜொகூர் லாபீஸ் தோட்டம், வட லாபீஸ் தோட்டம் முதலியன இவ்வட்டாரத்துப் பெயர்கள். மலாயாவின் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளரைக் கொணர 1907இல் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. கங்காணி முறை தொடர்ந்தது. 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்யும் வரை ஆள்வரத்து நீடித்தது. விடியுமுன் பெரட்டு, பின்னர் பால்மரம், மாலையில் லயம் என்பதே அம்மக்களின் நாளாயிற்று. தோட்டமே அவர்தம் உலகம். சம்பளம் வாங்கிய பின் சென்று வரும் கடைத்தெருவே பட்டணம்.

படைகளும் வேலிகளும்

1942 சனவரி 14ஆம் நாள் கிம்மாசுக்கு அருகிலுள்ள கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் பதுங்கியிருந்து ஜப்பானியரைத் தாக்கினர். ஆயினும் மூவார் முனை உடைந்தது. சிகாமட்டிலிருந்த படைகள் சூழப்படும் நிலை வந்ததும், அவை லாபீஸ் வழியாக யோங் பெங்கை நோக்கிப் பின்வாங்கின. அப்பின்வாங்கலின் பாதை இச்சாலையே. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. அதன்பின் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் இரயில்பாதைப் பணிக்குக் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர்.

போர் ஓய்ந்தும் அமைதி வரவில்லை. 1948 சூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் வகுக்கப்பட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி காட்டோரத்தில் வாழ்ந்த ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். சிதறிக் கிடந்த தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலிக்குள் வந்தன. அரிசிக்கும் பங்கீடு வந்தது. கட்டுப்பாடு கடுமையாயிருந்த இடங்களில் மரம் சீவச் சென்றவர் பகலுணவை உடன்கொண்டு போகவும் தடை இருந்தது. சோற்றுப் பொட்டலமும் ஐயத்திற்குரிய பொருளாகிவிட்ட காலம் அது. 1960 சூலை 31ஆம் நாளே அவசரகாலம் முடிவுற்றது.

தோட்டம் கலைந்தது

வேலி நீங்கியதும் வேறொரு இடர் வந்தது. பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. தொழிலாளர் வேலையோடு வீட்டையும் இழந்தனர். இதற்கு மாற்றாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். துண்டாடப்படாத தோட்டங்களிலும் பால்மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. செம்பனைக்கு இரப்பரைப் போல அத்துணை ஆள் தேவையில்லை. பின்னாளில் அவ்வேலைக்கும் வெளிநாட்டார் வந்தனர்.

இளையோர் ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் நாடினர். எஞ்சியோர் லயம் விட்டு ஊர்ப்புற வீடுகளுக்கு வந்தனர். மாணவர் குறைந்த தோட்டப் பள்ளிகள் நிலைகுலைந்தன. இன்றைய சாஆவின் தமிழ்ப்பள்ளிக்குச் 'சந்துமான் சாஆ' என்று பெயர். 'சந்துமான்' என்னும் மலாய்ச் சொல் ஒன்றாய் இணைத்தலைக் குறிக்கும். இரப்பர்க் கன்றில் ஒட்டுக் கட்டுவதற்கும் அச்சொல்லே வழங்கும். பால்மரத்தால் வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் பயிலும் பள்ளிக்கு இப்பெயர் பொருந்தியுள்ளது.

நெடுஞ்சாலை விலகியது

1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. அது யோங் பெங்கிலிருந்து மேற்கே பாகோ, தங்காக் வழியாகச் செல்கிறது. கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே விரையும் வாகனங்களுக்குச் சாஆ வழி வரவேண்டிய தேவை ஒழிந்தது. முன்னர் இருப்புப்பாதை விலகியது. இப்போது நெடுஞ்சாலையும் விலகிற்று.

இத்தகைய நிலை உலகில் புதிதன்று. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையை ஒட்டிய சிற்றூர்கள் வழிப்போக்கர்க்கு எரிபொருளும் உணவும் விற்றே பெரிதும் வாழ்கின்றன. சாலை விலகினால் அவற்றின் நிலை இரங்கத்தக்கதாகும். அமெரிக்காவில் 66ஆம் எண் நெடுஞ்சாலை 1985இல் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதனை நம்பியிருந்த ஊர்கள் பல ஒடுங்கின. சாஆ ஒடுங்கி அழியவில்லை. அது வழிப்போக்கரை மட்டும் நம்பிய ஊரன்று. சுற்றுப்புறத் தோட்டங்கள் அதனைத் தாங்கின. தோட்டம் கைவிட்ட மக்களுக்கு அவ்வூர் தங்குமிடமாயிற்று. சாலை விலகிய பின்னும் ஊர் நிலைத்ததற்குக் காரணம் இம்மக்களே.

காக்க வேண்டியது

2023 மார்ச்சில் ஜொகூரைத் தாக்கிய பெருவெள்ளத்தில் சாஆவும் நீரில் மூழ்கியது. வெள்ளம் வீட்டுப் பொருள்களை மட்டுமன்று, பழந்தாள்களையும் அழிக்க வல்லது. தோட்டத்துச் சம்பளச் சீட்டு, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, கோயில் கணக்கு, திருமணப் புகைப்படம் ஆகியவையே தோட்டத் தமிழரின் ஆவணக் களஞ்சியம். தோட்ட நிறுவனங்கள் எத்தனை காணியில் எத்தனை இராத்தல் பால் எடுத்தன என்பதை எழுதி வைத்தன. அப்பாலை எடுத்த கைகள் யாருடையவை என்பதை அவ்வளவு அக்கறையுடன் எழுதவில்லை.

வேலிக்குள் வாழ்ந்த காலத்தை நேரில் அறிந்த முதியோர் அருகி வருகின்றனர். அவர்தம் பேச்சைப் பதிவு செய்வதும், ஒவ்வொரு தோட்டத்தின் பெயரையும் குடும்பங்களையும் தொகுப்பதும் ஒரு பள்ளியும் ஒரு கோயிலும் சில இளைஞரும் கூடினால் முடியக்கூடிய பணி. அது பத்தாண்டு பொறுக்கும் பணியன்று.