நோயாளியும் பங்காளியே: மாரிஸ்தான் முதல் சேலத்துச் செவிலியர் வரை

செவிலியர் கல்வித்துறையில் அண்மைக் காலமாக மிகுதியும் ஆளப்பெறும் சொற்றொடர்களுள் ஒன்று 'நோயாளியின் பங்கேற்பு' என்பதாகும். மருத்துவர் தரும் மருந்தை வாய்திறவாது விழுங்குபவரல்லர் நோயாளி. தம் உணவு, உழைப்பு, உறக்கம் ஆகியவற்றைத் தாமே ஒழுங்கு செய்து, சிகிச்சையைப் பற்றிய முடிவுகளிலும் இடம்பெற வேண்டியவர் என்பது அதன் கருத்து. அமெரிக்கச் செவிலியர் அறிஞர் டோரத்தியா ஓரம் 1971இல் வெளியிட்ட நூலில் தற்பராமரிப்பைச் செவிலியர் பணியின் அடிப்படையாக வைத்தார். 1978இல் அல்மா-அட்டா நகரில் கூடிய உலக நாடுகளின் மாநாடு, தம் உடல்நலப் பணிகளைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்குகொள்வது மக்களின் உரிமையும் கடமையுமாகும் என அறிவித்தது. சொல் புதிது, பொருளும் புதிதுதானா என்பதை வரலாற்றின் துணைகொண்டு நோக்குவோம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு (கி.பி. 627) நடந்த அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு தைத்துப் படுகாயமுற்றார்கள். அஸ்லம் குலத்துப் பெண்மணியான ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில் அவரைச் சேர்க்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். காயமுற்றோருக்கு மருந்திட்டு, பேணுவாரற்றோரைப் பேணுவதையே அப்பெண்மணி தம் பணியாகக் கொண்டிருந்தார். இச்செய்தியைப் பலரும் எடுத்துரைப்பர். ஆயினும் இதனோடு இணைந்த மற்றொரு குறிப்பைப் பலரும் கவனிப்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் காலையும் மாலையும் அவ்வழியே செல்லும்போது ஸஅத் அவர்களிடமே நலம் வினவுவார்கள். அவரும் தம் நிலையைச் சொல்லுவார். நோயாளியைக் கேட்பதும், அவர் மறையாது சொல்லுவதும் பராமரிப்பின் தொடக்கமாக இங்கே அமைந்துள்ளன.

பின்னாளில் இப்பணி நிறுவன வடிவம் பெற்றது. திமிஷ்கில் 1154இல் நூருத்தீன் ஸங்கி நிறுவிய மாரிஸ்தானும், காஹிராவில் 1284இல் சுல்தான் கலாவூன் நிறுவிய மன்ஸூரி மாரிஸ்தானும் புகழ்பெற்றவை. மன்ஸூரியின் வக்ஃபு ஆவணம், நோயாளிகளைக் கவனிக்க ஆண்களும் பெண்களுமாகிய பணியாளர்களை நியமிக்க வகைசெய்தது.

இவ்வகையில் மிகவும் கருதத்தக்க நூல், ருஹா நகரத்து இஸ்ஹாக் இப்னு அலீ அர்-ருஹாவி என்பார் ஒன்பதாம் நூற்றாண்டில் இயற்றிய 'அதபுத் தபீப்' ஆகும். மருத்துவ ஒழுக்கத்தை இருபது இயல்களில் விளக்கும் இந்நூல், மருத்துவரின் கடமைகளோடு நின்றுவிடவில்லை. நோயாளியிடமும் அவரைப் பராமரிப்போரிடமும் மருத்துவர் எவற்றையெல்லாம் வினவ வேண்டும் என்பதற்குத் தனி இயல் உண்டு. நோயாளி தம் வீட்டாரிடமும் பணியாளரிடமும் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கும், நலம் விசாரிக்க வருவோரின் ஒழுங்குகளுக்கும் இயல்கள் உண்டு. இன்றைய செவிலியர் ஆய்வு பிரித்துக் காட்டும் நால்வர், அதாவது மருத்துவர், செவிலியர், நோயாளி, குடும்பத்தார், அந்நூலிலேயே தத்தம் பொறுப்போடு காட்சி தருகின்றனர்.

வாழ்க்கை முறையைப் பொறுத்தவரை, அக்கால மருத்துவர்கள் 'இன்றியமையாத ஆறு காரணிகள்' என ஒரு பகுப்பைக் கொண்டிருந்தனர். காற்று, உணவும் பானமும், இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவு வெளியேறலும் தங்கலும், மனநிலை என்பன அவை. பக்தாதின் இப்னு புத்லான் பதினொன்றாம் நூற்றாண்டில் 'தக்வீமுஸ் ஸிஹ்ஹா' என்னும் நூலில் இவற்றை அட்டவணைகளாக வகுத்தளித்தார். கற்றறிந்த மருத்துவரேயன்றி ஏனையோரும் பார்த்தவுடன் அறிந்து பின்பற்ற வேண்டும் என்பதே அவ்வடிவத்தின் பயன். அந்நூல் பின்னர் இலத்தீனுக்கும் சென்றது.

எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டோம் என்னும் பெருமிதத்துக்காக இவற்றை எழுதவில்லை. ஆறு காரணிகளின் வேர் கிரேக்க அறிஞர் ஜாலீனூஸிடம் உள்ளது. இப்னு புத்லான் கிறித்தவர். பயனுள்ள அறிவை எவரிடமிருந்தும் பெற்று, ஆராய்ந்து, மக்களுக்குப் பயன்படும் வடிவில் தந்ததே அந்நாகரிகத்தின் சிறப்பு. அச்சிறப்பு இன்று நம்மிடம் எஞ்சியுள்ளதா என்பதே கேள்வி.

நாம் வாழும் சேலம், நாமக்கல் சமவெளிக்கு வருவோம். தறி, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஜவ்வரிசி ஆலை, லாரித் தொழில் என உழைப்பால் உயர்ந்த பகுதி இது. ஆயினும் பட்டறையில் நாள் முழுதும் குந்தியிருப்பவருக்கும், இரவெல்லாம் விழித்து வண்டியோட்டுபவருக்கும் மேற்கூறிய ஆறு காரணிகளுள் இயக்கமும் உறக்கமும் நிலைகுலைகின்றன என்பது வெளிப்படை. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேர் நீரிழிவு உடையோர் என மதிப்பிட்டது.

வாழ்க்கை முறையை மாற்றினால் பயன் விளையுமா? சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரை அவர்கள் மூன்றாண்டுகள் கண்காணித்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றோரில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவையும் நடைப்பயிற்சியையும் ஒழுங்குபடுத்திக்கொண்டோரிடையே அது 39.3 விழுக்காடாகக் குறைந்தது. இவ்வொழுங்கோடு மாத்திரையையும் சேர்த்துக் கொண்டோருக்குக் கூடுதல் பயன் காணப்படவில்லை.

சேலம் அரசு மருத்துவக் கல்லூரி 1986இலும், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022இலும் தோன்றின. செவிலியர் கல்லூரிகளும் இவ்விரு மாவட்டங்களில் பல உள்ளன. அவற்றில் முதுநிலை பயில்வோர் ஆய்வேடு அளித்தே பட்டம் பெறுகின்றனர். பழைய சேலம் மாவட்டத்தின் பகுதியாயிருந்து இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அடங்கிய சாமனப்பள்ளியில்தான், 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பெற்றது. சுய உதவிக் குழுப் பெண்கள் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கும் கருவிகளோடு இல்லந்தோறும் சென்றனர். ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்துக்கு நோயாளி கொண்டுவரப்பட்டார்; இங்கே பராமரிப்பே வீட்டுவாசலுக்கு வந்தது.

இத்தனை வாய்ப்பிருந்தும் ஓரிடத்தில் நம் சமூகத்து நோயாளி வாய்மூடி நிற்கிறார். அது ரமளான் நோன்பு. 2001இல் 13 நாடுகளில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளிடம் நடத்தப்பெற்ற 'எப்பிடியார்' ஆய்வின்படி, இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றனர். கடுமையான சர்க்கரைத் தாழ்வு அவர்களிடையே ஏனைய மாதங்களைவிட ஏழரை மடங்கு மிகுந்திருந்தது. நோன்பு வேண்டாம் என்றுவிடுவாரோ என அஞ்சிப் பலர் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. காலையில் விழுங்க வேண்டிய மாத்திரையைத் தாமாகவே ஸஹருக்கு மாற்றுவோரும், அறவே விட்டுவிடுவோரும் உளர்.

நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் சலுகை உண்டென அல்பகரா அத்தியாயம் தெளிவாகக் கூறுகிறது. குணமடைவோர் பின்னர் கழா செய்யவும், குணமடையும் வாய்ப்பற்றோர் ஃபித்யா கொடுக்கவும் ஃபிக்ஹு நூல்கள் வழிகாட்டுகின்றன. எவர் நோற்கலாம், எவர் நோற்கலாகாது என்பதை நம்பகமான மருத்துவரின் கூற்றைக் கொண்டு முடிவு செய்வது இமாம்கள் காட்டிய நெறி. விரல்நுனியில் குத்திச் சர்க்கரையைச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்களின் கருத்து. சர்க்கரை அளவு 70க்குக் கீழே தாழ்ந்தால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும் என உலக நீரிழிவுக் கூட்டமைப்பின் வழிகாட்டி நூல் அறிவுறுத்துகிறது. மார்க்கமும் மருத்துவமும் இங்கே முரண்படவில்லை. இரண்டையும் அறிந்தவர்கள் ஒருவரோடொருவர் பேசாதிருப்பதே குறை.

ஆகவே இரு தரப்பாருக்கும் நாம் சொல்ல விழைவது இதுதான். இப்பகுதியின் செவிலியர் மாணவியர் நீரிழிவு நோயாளிகளுக்கான வினாநிரலை ஆக்கும்போது, 'நோன்பு நோற்பீர்களா, அப்போது மாத்திரையை எவ்வாறு மாற்றிக்கொள்கிறீர்கள்' என்னும் வினாவையும் சேர்ப்பார்களாக. ஷஅபான் மாதத்து ஜும்ஆ உரைகளுள் ஒன்றையேனும் ஆலிம் பெருமக்கள் இதற்கென ஒதுக்கி, ரமளானுக்கு முன்னரே மருத்துவரைக் கண்டு மறையாது பேசுமாறு மக்களைத் தூண்டுவார்களாக. பள்ளிவாசல் வளாகத்தில் ஓர் அரைநாள் சர்க்கரைப் பரிசோதனை நடத்துவது எந்த ஜமாஅத்துக்கும் பெருஞ்சுமையன்று. நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே அன்று காயமுற்றவருக்குக் கூடாரம் அமைந்திருந்தது. அல்லாஹ்வே நன்கறிந்தவன்.